மைனர் வாங்கப் போறியோ, மருமோன்?

கொம்மா லண்டனிலை இருந்து போன் எடுத்தவள். நீ பழைய மொறிஸ் மைனர் ஒண்டு வாங்கி யாழ்ப்பாணத்திலை விடப்போறியாம், லீவுக்கு வரேக்கை ஓடித் திரியிறதுக்காம். நல்ல விசயம். கையிலை காசு கனக்கச் சேந்திட்டால் கோயில் கட்டலாம், எல்லைக்காணி வழக்குப் பேசலாம். ரண்டும் உன்ரை வயசுக்குக் காணாது. மைனர்தான் உனக்கு அளவான செலவு. மாசா மாசம் போகும், ஆனால் முடியாது.

எண்டாலும் தாய்மாமன் எண்டு ஒருத்தன் உயிரோடை இருக்கிறன். நாலு புத்தி சொல்லாமல் விட்டால் பேந்து என்னைத்தான் திட்டுவாய். உதிலை குந்திக்கொண்டு கேள்.

வாங்கிற சாமானின்ரை சாதி சனத்தை முதல் விசாரி. 1948இலை லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியிலைதான் மைனர் முதன்முதல் சபைக்கு வந்தது. கீறினவர் அலெக் இசிகோனிஸ், சிமிர்னாவிலை பிறந்த மனிசன். பேந்து மினியையும் அவர்தான் கீறினவர். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு காரைப் பாத்திட்டு, தண்ணியிலை உடைச்சு ஊத்தி அவிச்ச முட்டை எண்டு முகஞ்சுழிச்சாராம். முதலாளிமாருக்கு அந்தக் காலத்திலையும் கண் அவ்வளவுதான். 1961 தொடக்கத்திலை அந்த முட்டை பத்து லட்சத்தைத் தாண்டிச்சுது. இங்கிலாந்திலை அதுக்கு முந்தி ஒரு காரும் அந்த எண்ணிக்கையைக் கண்டதில்லை. அந்தச் சந்தோசத்திலை இளம் ஊதா நிறத்திலை கொஞ்சக் கார் விட்டவை. நீ ஊதா அடிக்க வேண்டாம். கொம்மா தாங்குவாள், நான் தாங்கன்.

இன்னொரு கதையும் தெரிஞ்சு வைச்சிரு, கலியாண வீடுகளிலை சொல்லலாம். மாதிரிக் கார் செய்து முடிஞ்சாப்போலை, இசிகோனிசுக்கு அது ஒடுக்கமாய்க் கிடக்கிறது கண்ணிலை குத்தியிருக்கு. நீளத்துக்கு நடுவாலை வாளாலை அரியச் சொல்லிப்போட்டார். எங்கடை ஊரிலை அண்ணன் தம்பி முதுசவீட்டை நடுவாலை பிரிக்கிற மாதிரித்தான், ஆனால் இந்தாள் பிரிச்சது வீட்டைப் பெருப்பிக்க. ரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலத்தி, நாலு அங்குலத்திலை நிப்பாட்டி, சரி எண்டாராம். பொனற்றின்ரை நடுவிலை ஒரு மேடான பட்டை ஓடுதெல்லே, அது அந்த நாலு அங்குலம். பம்பரெல்லாம் அதுக்கு முந்தியே அடிச்சு முடிஞ்சுது. அதாலை முதல் வந்த கார்களுக்குப் பம்பரையும் வெட்டி நடுவிலை ஒட்டுப் போட்டு அனுப்பினவை. விக்கிறவன் அந்த ஒட்டைக் காட்டி "அக்சிடன்ற் பட்டதாக்கும்" எண்டு விலையைக் குறைச்சால் வாயைத் திறவாமல் வாங்கு. ஆனால் அப்பிடி ஒரு விசரன் யாழ்ப்பாணத்திலை இருக்கிறான் எண்டு நான் கேள்விப்படேல்லை.

இவ்வளவு கார் ஏன் எங்கடை கரைக்கு வந்து சேந்தது எண்டு யோசிச்சனியே? எங்கள்மேலை அன்பிலை இல்லை. ரண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச கையோடை இங்கிலாந்திலை உருக்குக்குத் தட்டுப்பாடு. பிறநாட்டுக்கு ஏத்தி விக்கிறவனுக்குத்தான் உருக்கு எண்டு அரசாங்கம் சொல்லிப்போட்டுது. அதாலை கௌலியிலை செய்த மொறிசும் லோங்பிரிட்ஜிலை செய்த ஒஸ்ரினும் கப்பலேறிக் கொழும்பிலை இறங்கிச்சுது. அவன்ரை ஆக்கள் புதுக் காருக்குப் பேர் பதிஞ்சுபோட்டு வருசக்கணக்காய்க் காத்திருக்க, எங்கடை டொக்குத்தர்மாரும் அப்புக்காத்துமாரும் முதலே ஏறி ஓடினவை. ஆண்டவன் எங்களுக்குச் செய்த சில நன்மையளிலை அது ஒண்டு. அறுபதுகளிலை டொலர் இல்லை எண்டு கார் இறக்குமதியைப் பூட்டினவை. எழுபத்தேழிலை கதவு திறந்து யப்பான் கார் வருமட்டும், இருந்ததை வைச்சுத்தான் சீவியம்.

என்ரை ஐயா வாங்கினது ஒஸ்ரின் ஏ ஃபோட்டி சோமசெற். 1952இலை இருந்து 54 வரைக்கும் வந்த மொடல். கியர் ஸ்ரியரிங்கிலை. முன்சீற் ஒரே வாங்கு. இதிலைதான் விசயம் இருக்கு, மருமோன். உன்ரை இப்பத்தைக் காரிலை முன்னுக்கு ரண்டுபேர், நடுவிலை கோப்பிக் கப் வைக்க ரண்டு ஓட்டை. சோமசெற்றிலை நடுவிலை ஒரு சின்னம்மா. செல்வச்சந்நிதிக்குப் பொங்கப் போனால் முன்சீற்றிலை ஐயா, பெரியப்பா, சின்னம்மா, அவவின்ரை மடியிலை ஒண்டு. பின்னுக்கு எத்தினை பேர் எண்டு ஐயா எண்ணினதில்லை. எண்ணினால் பொலிசுக்குப் பொய் சொல்லவேண்டி வருமாம். டிக்கியிலை பானை, விறகு, பச்சையரிசி, வெல்லம். தொண்டைமானாற்றுப் பாலம் வந்தால் ஆம்பிளையளை இறங்கி நடக்கச் சொல்லுவார். பாலம் தாங்கும், ஸ்பிறிங் தாங்காது எண்டு சொல்லுவார். எனக்கெண்டால், சிகரட் பத்தக்கூடிய தம்பிமாரை அவர் வேணுமெண்டுதான் இறக்கிவிட்டவர் எண்டு இப்ப விளங்குது. கொம்மாவைப் பொம்பிளை பாக்கக் கொப்பர் வந்ததும் அதே மாதிரிக் காரிலைதான், வாடகைக் கார். அது மாப்பிளையின்ரை சொந்தக் கார் எண்டு புரோக்கர் சொன்னது வேறை கதை, கொப்பரிட்டை கேள்.

என்ரை மைனர் உனக்குத் தெரியும். முன்கண்ணாடி ரண்டாய்ப் பிரிஞ்சது, 803 சிசி எஞ்சின், முப்பது குதிரை வலு. அந்த முப்பதிலை இப்ப எத்தினை உயிரோடை எண்டு நான் தேடிப் பாக்கிறதில்லை. ஓட்டோ முந்தும், கோவிக்காதை. ஏத்தத்திலை சைக்கிள் முந்தினாலும் கோவிக்காதை, அவன் அவசரமாய்ப் போறான். நம்பரிலை ரண்டு இங்கிலீசு எழுத்துத்தான். 1957இலை சிங்கள ஸ்ரீ வந்து, எங்கடை ஆக்கள் அதை அழிச்சுத் தமிழ் ஸ்ரீ எழுதி மறியலுக்குப் போகேக்கை, என்ரை கார் அதுக்கு முந்திப் பதிஞ்சது எண்டு ஒரு கட்சிக்கும் போகாமல் கொட்டிலுக்கை கிடந்தது. காரிலையே கெட்டித்தனம் இருந்திருக்கு, பார்.

இனி மண்ணெண்ணெய்க் கதைக்கு வாறன். நீ அப்ப பிறக்கேல்லை. தொண்ணூறிலை சண்டை திரும்பத் தொடங்கினவுடனை பொருளாதாரத்தடை. பெற்றோல் இல்லை. யப்பான் கார் வைச்சிருந்தவை அதைப் பாயாலை மூடிப்போட்டு வாசலிலை நிண்டு எங்களைப் பாத்தவை. மைனரும் ஏ ஃபோட்டியும் மண்ணெண்ணெயிலை ஓடிச்சுதுகள். அதுக்குக் காரணம் எங்கடை கெட்டித்தனம் பாதி, இங்கிலீசுக்காரன்ரை வறுமை பாதி. அவன்ரை நாட்டிலை 1953 வரைக்கும் பூல் பெற்றோல் எண்டு ஒரே தரம்தான், மட்டமான சாமான். அதைக் குடிச்சு ஓடவேண்டிய எஞ்சின் எண்டபடியாலை கொம்பிறெசனை ஏழுக்கு ஒண்டு அளவிலை வைச்சவன். அதாலைதான் மண்ணெண்ணெயை ஊத்தினாலும் இருமி இருமி எண்டாலும் ஓடிச்சுது.

ஓடுறதுக்கு ஒரு பக்குவம் இருந்தது. மண்ணெண்ணெயிலை குளிர் எஞ்சின் எழும்பாது. சூப்பிப் போத்திலிலை கொஞ்சப் பெற்றோல் வைச்சிருப்பம், அதை மருந்து மாதிரிப் பூட்டி வைக்கிறது. காபரேற்றர் வாயிலை ரண்டு பீச்சு, உடனை ஸ்ராட். சூடு ஏறுமட்டும் காலை எடுக்கக்கூடாது, சூடு ஏறினாப்போலை பேந்து அதுபாட்டுக்கு. வழியிலை நிப்பாட்டினால் திரும்பப் பீச்சவேணும் எண்டதாலை ஒருத்தரும் நிப்பாட்டுறதில்லை, சொந்தக்காரரைக் கண்டாலும். சில சொந்தக்காரருக்கு அது நல்லதாய்ப் போச்சு. பொம்பிளை மாப்பிளை ஏத்தின காரின்ரை புகையிலை கூறைச்சேலை கிழமைக்கணக்காய் மண்ணெண்ணெய் மணந்தது. குசினி பழகின பிள்ளைதான் எண்டு மாமியார் சந்தோசப்பட்டா.

இதிலை ஒரு பொறி இருக்கு, அதை மட்டும் பகிடியாய் எடுக்காதை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழை இறங்கி எஞ்சின் ஒயிலோடை கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாத்தால் ஒயில் குறையாது, கூடிக்கொண்டு வரும். ஊத்தாமலே ஒயில் ஊறுது, முருகன்ரை அருள் எண்டு ஒரு வாத்தியார் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். தண்ணியாய்ப் போன ஒயிலிலை பெயறிங் தேஞ்சு, எஞ்சின் உடுக்கடிக்கத் துவங்கினாப்போலைதான் அருள் நிண்டது. காரிலை எது கூடினாலும் சந்தோசப்படமுந்தி ஏன் கூடினது எண்டு கேள்.

95 ஐப்பசியிலை வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு, செம்மணி வெளியிலை என்ரை மைனரை நாங்கள் தள்ளிக்கொண்டுதான் போனது. எஞ்சின் போட இடமில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் சனம். உள்ளுக்கை உன்ரை அம்மம்மா இருந்தவ. அதிலை பகிடி சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை.

சரி, புத்திமதிக்கு வாறன். ஸ்ராட்டர் ஒருநாள் கைவிடும், அப்ப ஹாண்டில்தான். இதைக் கவனமாய்க் கேள். கம்பியைப் பிடிக்கேக்கை பெருவிரலை மற்ற நாலு விரலோடை ஒரே பக்கம் வை. சுத்திப் பிடிக்காதை. கீழை இருந்து மேலை இழு, மேலை இருந்து கீழை அமத்தாதை. எஞ்சின் திருப்பி அடிச்சால் கம்பி கையை விட்டுத் துள்ளிப்போகும், விரலைச் சுத்தியிருந்தால் மணிக்கட்டு முறியும். இந்தச் சின்ன விசயம் தெரியாமல் எங்கடை ஊர் ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியரைத் தேடிப் போன படிச்ச ஆக்கள் கனபேர்.

பற்றறியிலையும் ஒரு சூது. உந்தக் கார்களிலை பொசிற்றிவ் வயரைத்தான் உடம்போடை பூட்டியிருக்கும், இப்பத்தைக் காருக்கு நேரெதிர். நீ லண்டனிலை இருந்து புது றேடியோ, போன் சார்ஜர் எண்டு கொண்டுவந்து வழமைப்படி பூட்டினாய் எண்டால் ஒரு சின்னப் புகை வரும். அந்தப் புகைதான் உன்ரை காசு. பாட்டுக் கேக்கவேணுமெண்டால் மாமியைப் பக்கத்திலை இருத்து, அவ வழி நெடுகப் பாடுவா, வயரும் தேவையில்லை.

திரும்பிறதுக்குச் சிக்னல் கேட்டால், கதவுக்குப் பின்னாலை தூணிலை இருந்து ஒரு குட்டிக் கை வெளியிலை வரும், நுனியிலை செம்மஞ்சள் வெளிச்சம். வந்தால். வராட்டில் தூணிலை முழங்கையாலை ஒரு இடி. வந்தது உள்ளுக்கை போகாட்டில் இன்னொரு இடி. இந்தக் காலத்துப் பெடியளுக்கு அது சிக்னல் எண்டே தெரியாது, ஏதோ கழண்டு தொங்குது எண்டு கூப்பிட்டுச் சொல்லுவாங்கள். நன்றி சொல்லிப்போட்டுத் திரும்பு. பெற்றோல் பம்ப் பொனற்றுக்குள்ளை டிக் டிக் எண்டு அடிக்கும். அந்தச் சத்தம் நிண்டால் காரும் நிக்கும். ஸ்பானராலை மெல்லத் தட்டு, ஸ்பானர் இல்லாட்டில் செருப்பாலை தட்டு. வந்த ஆக்கள் பாக்க, "கார்பன் பிடிச்சிட்டுது" எண்டு இங்கிலீசிலை சொல்லு, மரியாதை குறையாது.

முன்சில்லுக்குக் கீழை ஸ்ரியரிங் திரும்பிற ரனியனுக்கு மட்டும் கிரீஸ் அடிக்கக் கள்ளப்படாதை. காஞ்சு தேஞ்சால் ஒருநாள் சில்லு உள்ளுக்கை மடிஞ்சு, கார் சந்தியிலை முழங்காலிலை விழும். மைனர் மினுங்குதெண்டு பாத்து வாங்கிறவன் வார்னிசை வாங்கிறான். நீ வெள்ளை வேட்டியைக் கழட்டிப்போட்டுக் கீழை படுத்துப் பார்.

சாமான் கிடையாதெண்டு பயப்பிடாதை. ஒரு பகிடி கேள். இங்கிலாந்திலை பாத் எண்ட ஊரிலை சார்ள்ஸ் வெயர் எண்டவர் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்தினவர். தொண்ணூறுகளிலை இலங்கையிலையே ஒரு பட்டறையோடை சேந்து மட்காட், கதவு எண்டு செய்விச்சுக் கப்பலேத்தினவர். அதாலை நீ பவுண்சிலை காசு குடுத்து லண்டனிலை வாங்கி, பெட்டி கட்டி, சுங்கத்திலை வரி கட்டிக் கொண்டாற மட்காட் தெற்கிலை செய்ததாயும் இருக்கலாம். ஆரும் கேட்டால் ஒறிஜினல் இங்கிலீசுச் சாமான் எண்டு சொல்லு.

நீ அதை வாங்கிக் கொட்டிலுக்கை துணி போத்தி வைச்சு, வருசத்துக்கு ஒருக்கா வந்து சாஞ்சு நிண்டு படம் எடுக்கத்தான் எண்டால், ஒரு படத்தையே வாங்கு, மலிவு. ஓடுறதெண்டால் வா, பழக்கிவிடுறன். ஆனால் நீ சுத்தி வளைச்சு வாறது என்ரை காருக்குத்தான் எண்டு கொம்மா சொல்லமுந்தியே எனக்கு விளங்கியிட்டுது. அது விக்கிறதுக்கில்லை. ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை ரனியன் ஒரு சோடி, பம்ப் பொயின்ற்ஸ் ரண்டு செற் கொண்டுவா. காசைப் பேந்து பாப்பம்.