லாபமில்லாத முதலாளியின் விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை தங்கிய மன்னரின் வருவாய், சுங்கத் துறை, பிரிட்டன்.
பொருள்: நான் யார் என்று தெரிவிக்குமாறு கோருதல்.

ஐயா, அம்மையீர்,

நான் இங்கிலாந்தில் ஒரு ஃபாஸ்டர் கேரர். பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளைகளைக் கவுன்சில் அனுப்பிவைக்கும், நான் வளர்ப்பேன். அக்கம்பக்கத்தார் இதைப் புண்ணியம் என்கிறார்கள். தாங்கள்தான் முதன்முதலில் இதைச் சுயதொழில் என்று கண்டுபிடித்து, பத்து இலக்க வரி எண்ணும் கொடுத்து என்னை முதலாளி ஆக்கினீர்கள். நன்றி.

முதலாளியின் அதிகாரத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கூலியைத் தீர்மானிப்பது நானல்ல. வீட்டைச் சோதிப்பதும், ஆண்டுதோறும் எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கூடிப் பேசுவதும் மற்றவர்கள். பிள்ளைக்கு முடி வெட்டலாமா, பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடலாமா என்றால், அந்த உரிமை எனக்கு எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று தாளைப் புரட்ட வேண்டும். கடையடைப்பு கிடையாது. நள்ளிரவில் கறுப்புக் குப்பைப் பையில் இரண்டு உடுப்போடு ஒரு பிள்ளை வாசலில் நின்றால், அன்றைக்கு வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தங்கள் தாராளத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2025-26 கணக்கில் ஒரு குடும்பத்துக்கு 19,690 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல், 11 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் 415 பவுண்டு. 11 நிரம்பிவிட்டால் 495. ஆக, 12 வயதுப் பிள்ளை 52 வாரமும் என் வீட்டில் இருந்தால் 45,430 பவுண்டு வரைக்கும் தாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. 2023 வரை பல ஆண்டுகளாக அந்த அடிப்படைத் தொகை 10,000 பவுண்டிலேயே உறைந்து கிடந்தது. உருகியதே, அதுவே பெரிது.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வந்த பிள்ளைக்கும் முழு வாரக் கணக்கு உண்டு என்பது தங்கள் விதிகளிலேயே எனக்குப் பிடித்த விதி. 11-ஆம் பிறந்தநாள் கேக்கை வெட்டியவுடன் வாரம் 80 பவுண்டுக்குக் கூடுதலாகப் பசிக்கும் என்று கணித்த அதிகாரி, கட்டாயம் வீட்டில் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருப்பார்.

இத்தனை சலுகைக்குப் பின் என் லாபம் பூஜ்யம். பூஜ்யத்தையும் படிவத்தில் எழுதி ஜனவரி 31-க்குள் அனுப்ப வேண்டும். தவறினால் 100 பவுண்டு அபராதம். ஒன்றும் சம்பாதிக்காத முதலாளி, அதை நேரத்துக்குச் சொல்லாததற்காகக் கட்டும் தொகை அது.

இனி என் உண்மையான சந்தேகம். தங்களுக்கு நான் சுயதொழில் செய்பவள். பக்கத்துத் துறையின் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையில் நான் சுயதொழில்காரி இல்லை. ஃபாஸ்டர் பணம் வருமானமும் இல்லை. கவுன்சிலைக் கேட்டால், நான் அவர்கள் ஊழியர் அல்ல. ஆனால் கிளாஸ்கோவில் விசேஷத் திட்டம் ஒன்றில் பிள்ளை வளர்த்த தம்பதியை, தொழில் தீர்ப்பாயம் 2017-இல் ஊழியர்கள் என்றது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2021-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் எங்களுக்கும் உண்டு என்றது. சங்கம் வைக்கலாம், யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது என்பதுதான் தெரியவில்லை. முதலாளி நான்தானே!

வாடகை உதவிக்கான அறைக் கணக்கு இன்னும் அழகு. அதில் ஃபாஸ்டர் பிள்ளை என் குடும்பத்தில் சேர்த்தியே இல்லை. இரக்கப்பட்டு ஓர் அறை கூடுதலாகத் தருவார்கள். அண்ணன், தம்பி, தங்கை என மூவர் வந்தாலும் அதே ஓர் அறைதான். வரிக்கு மூன்று பிள்ளை, அறைக்கு ஒன்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. முதுமைக் காலம் அப்படி அல்ல. லாபம் பூஜ்யம் என்றால் தேசியக் காப்புறுதிக் கணக்கிலும் அந்த ஆண்டு தானாக ஏறாது. பின்னாளில் அரசு ஓய்வூதியத்தில் ஒரு பல் விழும். அதை அடைக்கச் சிஎஃப்411ஏ என்ற படிவம் ஒன்று தங்களிடம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஃபாஸ்டர் கேரர் விண்ணப்பித்தால் அந்த ஆண்டுக்குக் கிரெடிட் கிடைக்கும். விண்ணப்பிக்காவிட்டால் கிடைக்காது. அபராதக் கடிதம் கேட்காமலே வீடு தேடி வருகிறது. இந்தப் படிவத்தை மட்டும் நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே விண்ணப்பம் இரண்டு. ஒன்று, தங்கள் துறையும் பக்கத்துத் துறைகளும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்து எனக்கு ஒரு பெயர் வையுங்கள். முதலாளி, ஊழியர், தொண்டர் எதுவானாலும் சரி, எல்லா மேசையிலும் அதுவே இருக்கட்டும். இரண்டு, பத்து இலக்க எண்ணை அனுப்பும் உறையிலேயே சிஎஃப்411ஏ-வையும் வையுங்கள். தபால் செலவு அதிகமாகாது.

அதுவரை, என்னைப்போன்ற மற்ற முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வந்த நாளையும் போன நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள், வரிக் கணக்கில் பதிய அக்டோபர் 5-ஐத் தவறவிடாதீர்கள், தேசியக் காப்புறுதிக் கிரெடிட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
லாபம் பூஜ்யம் காட்டும்,
ஒரு ஃபாஸ்டர் அம்மா