வரும்போது வாங்கிக்கலாம்

மூங்கில் முறம் வாங்க முடியாமல் திரும்பிய கடுப்பு இன்னும் ஆறவில்லை. போளூர் பக்கமாக ஜவ்வாது மலை ஏறும்போது, ஒரு வளைவு தாண்டி ஓர் அம்மா கூடையும் முறமுமாக அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். விளிம்பில் பச்சை கூட மாறாத மூங்கில். "நிறுத்துங்க" என்றேன். வண்டி ஓட்டிய மச்சான் சொன்னார்: "வரும்போது வாங்கிக்கலாம்."

மேலே தேன் பாட்டிலைக் கண்டோம். வரும்போது. சாமை? வரும்போது. போகும்போது வாங்கினால் டிக்கியில் இடமில்லை. வரும்போது டிக்கியில் இடமிருக்கும், பையில் காசிருக்காது. காசிருந்தால் வெளிச்சமிருக்காது. வெளிச்சமிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், பிரேக் போட்டால் முழித்துக்கொள்வார்கள். எல்லாம் கூடி வந்தால் கடை சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும். எங்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டதும், "காவலூர் வழியா இறங்கலாம், ஆலங்காயம் ரோடு நல்லாயிருக்கும்" என்றார் மச்சான். காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தாலும் அந்த அம்மா தெரிந்திருக்க மாட்டார்.

நகரத்தில் கைவினைப் பொருள் விற்பவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு 2014-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு, அதில் 40 சதவீதம் வியாபாரிகள், இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் நோட்டீஸ். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷமே சென்னை பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை அடுக்குமாடி வளாகத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். 2019-இல் கீழே அகலமான நடைபாதை திறந்தார்கள். நடக்கத் தாராளமான இடம். ஆனால் மாடியேறிப் போய் வளையல் வாங்குகிற ஆட்களா நாம்? காலில் இடறினால்தானே வாங்குவோம்! இடறாத இடத்தில் கடையை வைத்துவிட்டு, வியாபாரம் ஏன் படுத்தது என்று கேட்டால்?

சட்டத்தில் எனக்கு ஒரே ஒரு திருத்தம் வேண்டும். 30 நாள் நோட்டீஸை வாங்குகிறவன் தர வேண்டும்: எந்த வளைவில் நிறுத்துவேன், என்ன வாங்குவேன் என்று. தராதவர்களை மலையடிவாரத்திலேயே மடக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். குறிப்பாக மச்சான்களை.