குப்புறக் கிடந்து பார்க்கும் கலை

கல்வராயன் மலைமேல் உள்ள கரியாலூருக்குக் கடற்கரை உண்டா என்று கேட்டால், புவியியல் இல்லை என்றும் வருவாய்த்துறை ஒருகாலத்தில் இருந்தது என்றும் விடை சொல்லும். தென்னார்க்காடு மாவட்டம் பிரியாதிருந்த 1993 செப்டம்பர் வரை, கரியாலூர்க்காரர் ஒருவர் தம் மாவட்டத்துக் கடல் என்று கடலூரையும் பரங்கிப்பேட்டையையும் கை நீட்டிக் காட்டியிருக்கலாம். அவ்வாண்டு விழுப்புரம் மாவட்டம் தனியே பிரிந்தபோது அந்தக் கை மரக்காணத்தோடு நின்றுகொள்ள நேர்ந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியதும், கடல் மொத்தமும் அண்டை மாவட்டத்தாருக்குப் பாகமாகிவிட்டது. வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலே பஞ்சாயத்துக் கூடும் நாட்டில், இவ்வளவு பெரிய சொத்து கைமாறியபோது கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குபவர்களும் சாமை விதைப்பவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது, கடலைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த மதிப்பீட்டைத் தெளிவாகவே உணர்த்துகிறது.

ஆயினும், ஸ்நார்கல் மாஸ்க் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்திப் பார்க்கும் கலைக்குக் கரியாலூர் எவ்விதத்திலும் குறைந்த இடமன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஸ்நார்கல் என்பது நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி மூச்சு விடுவதற்காக வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய். அதனுடன் அணியும் மாஸ்க், கண்களையும் மூக்கையும் ஒரே அறைக்குள் அடைத்து வைக்கும் கண்ணாடிக் கூடு. இதனை முகமூடி என்றால் திருடர் நினைவும், முகக்கவசம் என்றால் 2020ஆம் ஆண்டின் நினைவும் வந்துவிடுவதால், கடைக்காரர் சொல்லும் மாஸ்க் என்ற சொல்லே இங்குக் கையாளப்படுகிறது. இந்தக் கூடு கடலோடு பொருந்த வேண்டியதில்லை, முகத்தோடு பொருந்தினால் போதும். முகம் கரியாலூரிலும் கிடைக்கிறது.

வெறுங்கண்ணோடு நீருக்குள் பார்த்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குத் தண்ணீர் காரணமன்று, கண்ணே காரணம். விழியின் முன்புறத்துக் கண்ணாடி போன்ற படலமாகிய கார்னியாதான் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.38, தண்ணீருடையது 1.33 என்று இரண்டும் பங்காளிகளைப் போல ஒட்டி நிற்பதால், நீருக்குள் கார்னியா வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் சிறிதளவு காற்றை அடைத்து வைத்தால் அது மீண்டும் பணிக்குத் திரும்பும். ஆனால் இந்த உடன்படிக்கையில் ஒரு மிகை உண்டு: மாஸ்க் வழியே பார்க்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தோன்றும். கடலில் பார்த்த மீனின் நீளத்தைக் கரையில் கையால் அளந்து காட்டுபவர்கள் அனைவரும் பொய்யர்கள் அல்லர் என்பதற்கு இயற்பியல் தரும் ஒரே சான்று இதுதான்.

மூக்கையும் ஏன் உள்ளே அடைக்க வேண்டும், நீச்சல் குளத்தில் அணியும் சிறு கண்ணாடி போதாதா என்று சிக்கனக்காரர்கள் கேட்பதுண்டு. இதற்குரிய விடையை மலைப்பேருந்தில் பயணம் செய்பவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையத்தை நோக்கிப் பேருந்து இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதும், பயணிகள் கொட்டாவி விட்டும் எச்சில் விழுங்கியும் அதைத் திறப்பதும் அன்றாட நிகழ்ச்சி. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தை இறங்கினால் காற்றழுத்தம் எவ்வளவு கூடுமோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தம் தண்ணீரில் ஒரே ஒரு மீட்டர் மூழ்கினாலே கூடிவிடுகிறது. அதாவது கொண்டை ஊசி வளைவுகளும் குமட்டலும் எலுமிச்சம்பழமுமாக ஒரு மலைப்பாதை முழுவதும் செய்யும் வேலையைக் கடல் இரண்டு நொடியில் முடித்துவிடுகிறது. அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதைத் திறக்கவும், முகத்தோடு நசுங்கும் மாஸ்க்குக்குள் மூக்கால் சிறிது காற்றை விட்டு அதைச் சமன் செய்யவும் வழி வேண்டும். நீச்சல் கண்ணாடிக்குள் மூக்கு இல்லாததால் அதற்குள் காற்றை அனுப்ப வழியில்லை. ஆழம் போகப் போக அது விழிகளைக் கறந்தெடுக்கப் பார்க்கும். எனவே மாஸ்க்கின் மூக்கறை, வெளியிலிருந்து இரு விரலால் பிடிக்குமளவு மெத்தென்று இருக்க வேண்டுவது இன்றியமையாதது.

முகத்தில் அமரும் மெல்லிய விளிம்பை இத்தொழிலில் ஸ்கர்ட் என்பர். அதைப் பாவாடை என்று தமிழாக்கி மீசைக்காரர் ஒருவரின் மூக்குக்குக் கீழே கட்டச் சொல்வது உசிதமாகாது என்பதால், விளிம்பு என்றே இங்குக் குறிக்கப்படும். அது சிலிக்கான் ரப்பரால் ஆனதாக இருத்தல் வேண்டும். மலிவான பிளாஸ்டிக் விளிம்பு புதிதில் மழைக்கோட்டு வாடையடிக்கும், நாள்பட அப்பளம்போல் விறைக்கும். கண்ணாடி டெம்பர்டு கிளாஸாக இருக்க வேண்டும் என்ற விதியைக் கைபேசிக் கடைகள் ஊரெங்கும் முன்கூட்டியே போதித்துவிட்டமையால், அதற்கு விளக்கம் தேவையில்லை.

இனிப் பொருத்திப் பார்க்கும் முறை. தலைப்பட்டையை முன்புறம் தள்ளிவிட்டு, முகத்தை மேற்கூரை நோக்கி உயர்த்தி, மாஸ்க்கை முகத்தின் மீது வெறுமனே வைத்து, விளிம்பு நெற்றி, பொட்டு, கன்னம், மேலுதடு என்று எல்லா இடங்களிலும் இடைவெளியின்றிப் படிகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். பிறகு மூக்கால் மிக மெல்ல மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி முகத்தைத் தாழ்த்தினால், மாஸ்க் கையால் பிடிக்காமலே ஒட்டிக்கொண்டு நிற்கும். 'மிக மெல்ல' என்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. மூச்சைப் பலமாக உறிஞ்சினால் ஒவ்வாத மாஸ்க்கும் ஒட்டத்தான் செய்யும், சோற்றுத் தட்டுகூட ஒட்டும். அதன்பின் ஸ்நார்கல் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும், ஏனெனில் எதையாவது கவ்விய முகமும் கவ்வாத முகமும் ஒன்றல்ல. கசிந்தால் பட்டையை இறுக்கலாம் என்னும் எண்ணம் தண்ணீர்க் குழாயின் மரைக்குப் பொருந்துமே தவிர மாஸ்க்குக்குப் பொருந்தாது. இறுக்க இறுக்க விளிம்பு மடங்கி, மடிப்பின் வழியே முன்னிலும் தாராளமாகக் கசியும். பட்டை காதின் மேல் அமராமல், பின்மண்டை உருண்டு வரும் இடத்தில் ஏறி, நழுவாத அளவுக்கு நின்றால் போதும். நெற்றியில் விழும் ஒற்றை மயிரிழையும் நீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும்.

மயிரிழை ஒன்றே வாய்க்கால் என்றால், மீசை என்பது பாசனத் திட்டம். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் விளிம்பு அமர வேண்டிய அந்தக் குறுகிய நிலத்தைத் தமிழ் ஆடவர் நெடுங்காலமாக வேறு பயிருக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றனர். இதற்குக் கூறப்படும் தீர்வுகள் இரண்டு: ஒன்று, மீசையின் மேல்விளிம்பில், மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வரப்பு மழித்து விளிம்புக்கு வழிவிடுதல், மற்றொன்று, அதற்கென விற்கும் சிலிக்கான் கிரீஸை மீசையில் பூசி மயிரிடைகளை அடைத்தல். வீட்டில் இருக்கும் வாசலினே போதும் என்பாரும் உளர், ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் களிம்புகள் ரப்பர் வகைகளுக்கு நாளடைவில் ஆகாதவை. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பதற்கு நிலத்தில் இடமுண்டு. ஸ்நார்கலோ குப்புறக் கிடப்பதையே தொழிலாகக் கொண்டது, அங்கே மீசையின் வாக்குமூலத்தைத் தண்ணீர் ஏற்பதில்லை. இக்கட்டுரையாளர் முதல் தீர்வையே மேற்கொண்டார் என்பதும், மழித்த வரப்பை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதும், கவனிக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இரண்டு நாள் இருந்தது என்பதும் ஈண்டுப் பதிவு செய்யத் தக்கவை.

மீசைக்கு அடுத்த பகை சிரிப்பு. சிரிக்கும்போது மூக்கின் இருபுறமிருந்தும் வாயோரம்வரை இறங்கும் மடிப்புகள் ஆழ்ந்து, கன்னம் மேலேறி, விளிம்பின் அடியில் இரு கால்வாய்களைத் திறந்துவிடுகின்றன. வேடிக்கையான மீனைக் கண்டவர் மூக்கில் உப்புத்தண்ணீரோடு கரையேறுவதன் காரணம் இதுவே. நகைச்சுவைக் கட்டுரையாளர்களுக்கு இக்கலை உகந்ததன்று என்று இதிலிருந்து முடிவு கட்டலாம், அல்லது பெரும்பாலான நகைச்சுவைக் கட்டுரைகளை நீருக்குள் ஆபத்தின்றிப் படிக்கலாம் என்றும் கொள்ளலாம்.

கண்ணாடியில் ஆவி படிவதைக் கரியாலூர்க்காரர்களுக்கு விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மேகம் என்றே ஓர் அருவிக்குப் பெயரிட்டு வைத்திருக்கும் மலையில், பனிக்காலத்துக் காலையில் தேநீர்க் குவளையை வாயருகே கொண்டுபோகும் மூக்குக்கண்ணாடிக்காரர் அதற்கப்பால் எவரையும் அடையாளம் காண்பதில்லை. வெம்மையும் ஈரமும் ஏறிய காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிவதே இரண்டு இடத்திலும் நடப்பது. வேறுபாடு என்னவென்றால், மாஸ்க்குக்குள் துண்டை நுழைக்க இயலாது. புதிய மாஸ்க்கின் உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருப்பதால், முதலில் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன் செய்ய வேண்டியதை உலகெங்கும் முக்குளிப்போர் ஒரே குரலில் சொல்கின்றனர்: உள்ளே துப்பித் தேய்த்து, இலேசாக அலசிவிடுதல். எச்சில், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளிகளாகத் திரளவிடாமல் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. அறிவியல் இவ்வாறு ஐயமறக் கூறினாலும், எச்சில் கையால் உப்பு டப்பாவைத் தொட்டதற்கே வசவு வாங்கி வளர்ந்த சமூகம், தன் எச்சிலைத் தன் கண்ணெதிரே பூசி அதன் வழியே உலகைக் காண உடன்படுவது எளிதன்று. அதிலும், சுற்றுலாத் துறைமுகங்களில் வாடகைக்குக் கிடைக்கும் மாஸ்க்கில் தமக்கு முன்னர் எத்தனை பேர் இந்த அறிவியலைக் கடைப்பிடித்தார்கள் என்ற சிந்தனை எழுந்துவிட்டால் பவளப்பாறையில் மனம் செல்லாது. சொந்தமாக மாஸ்க் வாங்குவதற்கு ஆயிரம் காரணம் சொல்லப்பட்டாலும், தமிழ்நாட்டில் உண்மைக் காரணம் இது ஒன்றே.

முகம் முழுவதையும் மூடி, மூக்காலும் வாயாலும் இயல்பாக மூச்சுவிட இடம்தரும் மாஸ்க்கை 2014இல் பிரான்சின் டெக்கத்லான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2020இல் இத்தாலியின் பிரெஷியா பகுதியில் மருத்துவக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அதே மாஸ்க்கில் புதிய இணைப்பைப் பொருத்திச் சுவாசக் கருவிகளோடு சேர்த்துப் பயன்படுத்தினர். மீசை முழுவதும் உள்ளேயே தங்கிவிடுவதால் மீசைக்காரர்களுக்கு இது வரமாகத் தோன்றும். ஆனால் மூக்கைப் பிடித்துக் காதைத் திறக்க வழியில்லாமையால் அதனுடன் மேலே மிதக்கலாமே அன்றி ஆழம் போகலாகாது. தாடிக்காரர்களுக்கு அதிலும் விமோசனம் இல்லை.

இத்தனை ஆராய்ச்சியும் இல்லாமலேயே கடலடியைப் பார்த்தவர்கள் மன்னார் வளைகுடாவில் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக 1961இல் நடந்த முத்துக்குளிப்பு வரையிலான நெடிய காலத்தில், கல்லில் காலூன்றி மூழ்கி, மூச்சடக்கி, கலங்கிய பார்வையோடே சிப்பி வாரியவர்களே மிகுதி. இன்றும் இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் பாசி எடுக்கப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் ஒரு சட்டையை மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணிநாடாவைச் சுற்றிக் கட்டி, கண்ணாடியை முகத்தில் ஏற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015இல் தீவுகளின் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு பெற்றார். அந்த விரல் துணியைப் பார்த்த பிறகு, பட்டையின் நிறம் நீலமா ஆரஞ்சா என்று கடையில் அரை மணி நேரம் நிற்பதற்குச் சற்றுக் கூச்சம் வரவே செய்யும்.

கரியாலூரில் படகு விடும் குளம் ஒன்று இருக்கிறதெனினும், அங்குக் குப்புற மிதக்கும் மனிதரைக் கண்டால் பார்ப்பவர்கள் வேறு முடிவுக்கு வந்து விடுவார்கள். அருவியின் பாறைக் கசத்திலோ மாஸ்க் எவருக்கும் நீச்சல் கற்றுத் தருவதில்லை. ஆகவே இக்கட்டுரையாளர் தமது நீர்ச்சோதனையை வீட்டு முற்றத்தில், திருமணச் சீராக வந்த பித்தளை அண்டாவில் நிகழ்த்தினார். மூக்குக்கண்ணாடியின் கால்களை மாஸ்க்கின் விளிம்பு அனுமதிக்காதெனினும், அவருடையது கிட்டப்பார்வையாதலால் அண்டாவின் அடிப்பகுதி தடையின்றிப் புலப்பட்டது. "அண்டாவுக்குள்ள என்னத்தைங்க தேடுறீங்க?" என்ற வினா திண்ணையிலிருந்து வந்ததும், வாயில் குழாய் இருந்தமையால் அது விடையின்றிப் போனதும் சோதனையைப் பாதிக்கவில்லை. விளிம்பு ஒரு சொட்டும் கசியவில்லை. மீசை வரப்பு தன் கடமையைச் செய்தது. உட்புறச் சுவரில், பெரிய மாமா அன்பளிப்பு என்று வெட்டியிருந்த எழுத்துகள் மூன்றில் ஒரு பங்கு பெருத்து, அருகில் வந்து நின்றன. அவற்றுக்கு ஒரு விரற்கடை கீழே, அரத்தால் தேய்த்தும் முற்றிலும் அழியாமல், வேறொரு கல்யாணத்துக்கு வேறொருவர் கொடுத்த அன்பளிப்பின் பெயரும் தேதியும் பதினெட்டு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்ததை மாஸ்க் தெள்ளத்தெளிவாகக் காட்டியது. கன்னம் மேலேறிற்று, இரு கால்வாய்களும் ஒருங்கே திறந்தன, மூக்கறை நிறைந்தது.