இரண்டாம் பெயர்

அம்மாவோடு ஒரே வீட்டில் குடியிருப்பது சுலபம். ஒரே பாஸ்புக்கில் குடியிருப்பதுதான் கஷ்டம். வீட்டில் வாக்குவாதம் முற்றினால் மொட்டை மாடிக்குப் போய்விடலாம். பாஸ்புக்கில் மாடி கிடையாது. முதல் வரியில் அவள் பெயர், அடுத்த வரியில் என் பெயர், நடுவில் காற்று புகக்கூட இடமில்லை.

அப்பா இருந்தவரை வங்கி அவருடைய இலாகா. அவருக்குப் பிறகு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: "வயசான காலத்துல அம்மா பேங்குக்கு அலைய வேணாம். ஜாயின்ட்டா உன் பேரையும் சேத்துடு." நான் சென்னையில், தம்பி பெங்களூரில், அம்மா கும்பகோணத்தில். இனிமேல் பணக் கவலையெல்லாம் நாம் படுவோம், அம்மா நிம்மதியாக சீரியல் பார்க்கட்டும் என்ற பெருந்தன்மையோடு ரயில் ஏறினேன்.

அம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சில தகவல்கள். வயது 76. முழங்கால் இரண்டும் தகராறு. கணக்கில் மட்டும் அவளுக்கு மூட்டுவலி கிடையாது. மளிகைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லி, அவர் தராத தள்ளுபடியையும் கழித்து, மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டுபவள். கும்பகோணத்துக்காரர்களுக்கு வங்கி ஒன்றும் புதிதில்லை. 1904லேயே ஊர்ப் பெயரில் ஒரு வங்கியைத் தொடங்கியவர்கள். இன்றைய சிட்டி யூனியன் வங்கிக்கு அதுதான் பிறந்த வீடு. இரண்டு வருஷம் கழித்து மதராசில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அந்தச் சூட்டில்தான் 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆர்பத்நாட்டில் அம்மாவின் தாத்தாவுக்கும் ஏதோ போனதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. எவ்வளவு போனது என்பது சொல்பவரைப் பொறுத்து ஏறும், இறங்கும். கதையின் நீதி மட்டும் மாறாது: யாரையும் முழுசாக நம்பாதே, பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. அந்த 'யாரையும்' என்பதில் பெற்ற பிள்ளைகளும் அடக்கம் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

வங்கியில் இருந்தவர் சின்ன வயசுப் பெண் அதிகாரி, பொறுமைசாலி. "உட்காருங்க பாட்டி" என்றார். அம்மா உட்காரவில்லை. "அம்மான்னே கூப்பிடும்மா, போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

படிவம் வந்தது. அம்மாவின் கையெழுத்து அவசரத்துக்கு வருகிற சமாச்சாரம் இல்லை. கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். பேனாவை உதறினாள். இனிஷியலை எழுதி, பக்கத்தில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக இறக்கி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு புள்ளி. "இந்த ரெண்டு புள்ளி இல்லாம எந்த செக் வந்தாலும் திருப்பி அனுப்பிடு" என்று அதிகாரிக்கு உத்தரவு வேறு. பின்னால் நகைக்கடனுக்கு நின்றிருந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த கேள்வி: கணக்கை யார் இயக்குவது? அதிகாரி விளக்கினார். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பது ஒரு வகை. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம். பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள் என்றார். நான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கப் பேனாவை எடுத்தும்விட்டேன்.

"வேற என்ன இருக்கு?" என்றாள் அம்மா, புடவைக் கடையில் கேட்கிற அதே குரலில்.

"'ஃபார்மர் ஆர் சர்வைவர்'னு ஒண்ணு இருக்கும்மா. நீங்க இருக்கற வரைக்கும் நீங்க மட்டும்தான் எடுக்கலாம். உங்களுக்கு அப்புறம் அவங்க."

"அதைப் போடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

ஆக, நான் ஒரு கூட்டுக் கணக்குதாரர். என் போட்டோ ஒட்டியிருக்கிறது. ஆதார் நகல், பான் நகல் எல்லாம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து ஒரு டீ குடிக்கக் காசு எடுக்க முடியாது. ஆட்டோவில் வரும்போது கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, என்னை நம்பலையா?"

"நம்பாமலா பேர் போட்டேன்?"

"அப்புறம் ஏன் நான் எடுக்க முடியாதுன்னு..."

"நம்பிக்கைக்குத்தான் பேர் போட்டாச்சே. எடுக்கறதுக்கு நான் இருக்கேன்."

பெயர் வரிசையிலும் அவள் கறார். முதல் பெயர் மூத்த குடிமக்களுடையதாக இருந்தால்தான் டெபாசிட்டுக்கு வழக்கமான அரை சதவீதக் கூடுதல் வட்டி கிடைக்கும். அதனால் எந்த டெபாசிட்டை எடுத்தாலும் அவள்தான் முதலில். வங்கி திவாலானால் காப்பீடாகக் கிடைப்பது 5 லட்சம் வரைதான் என்பதும், 2020 பிப்ரவரிக்கு முன் அது வெறும் 1 லட்சம் என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஒரே வங்கியாக இருந்தாலும், தனிப் பெயரில் இருப்பது வேறு, மகளோடு சேர்ந்திருப்பது வேறு, மகனோடு சேர்ந்திருப்பது வேறு என்று அந்த 5 லட்சம் தனித்தனியாகக் கணக்காகும். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியவில்லை. ஒன்று தனியாக, ஒன்று என்னோடு, ஒன்று தம்பியோடு என்று பிரித்து வைத்திருக்கிறாள். "ரெண்டு பேரையும் சமமா வெச்சிருக்கா பாரு, என்ன பாசம்" என்று நானும் தம்பியும் போனில் உருகிக்கொண்டிருந்தோம். பாசமெல்லாம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் ஆளுக்கு 5 லட்சம் காப்பீடு.

பணத்தில்தான் பங்கு இல்லையே தவிர, வேலையில் எனக்கு முழுப் பங்கு உண்டு. ஏப்ரல் பிறந்தால் வட்டியில் வரி பிடிக்காமலிருக்கப் படிவம் கொடுக்க வேண்டும். அவ்வப்போது கேஒய்சி புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்குப் போகும்போதெல்லாம் பாஸ்புக்கைப் பதிய வேண்டும். அச்சடிக்கும் மிஷின் பாதி நாள் ரிப்பேர். மீதி நாள் பாஸ்புக்கை உள்ளே இழுத்து, யோசித்து, பிடிக்காமல் வெளியே தள்ளும். எப்படியோ பதிந்து கொண்டுபோனால், அம்மா பென்சிலோடு உட்கார்ந்து வரிக்கு வரி டிக் போடுவாள். ஒரு தடவை பென்சில் நடுவழியில் நின்றது.

"இதென்ன 17 ரூபா 70 காசு?"

"எஸ்எம்எஸ் சார்ஜ்மா. மூணு மாசத்துக்கு 15 ரூபா. மேல ஜிஎஸ்டி 18 பர்சென்ட்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். 2 ரூபாய் 70 காசு சரியாக வந்ததில் கோபம் இன்னும் ஏறியது. "என் போன்ல பொடி எழுத்துல இங்கிலீஷ்ல வருது. படிக்கவே முடியாத மெசேஜுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்? அந்தப் பொண்ணுகிட்ட போய்க் கேளு." பதினேழே முக்கால் ரூபாய்க்கு நியாயம் கேட்க ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்துப் போனேன். ஆட்டோ என் செலவு.

படிக்க முடியாது என்று சொன்ன அதே போனில்தான் ஓடிபியும் வரும். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். சென்னையில் ஆபீஸில் இருந்தபடி அவள் சார்பாக ஏதோ ஒரு விவரத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன்.

"ஒரு நம்பர் வந்திருக்கும் பாரும்மா."

"வந்திருக்கு."

"சொல்லு."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"நான் உன் பொண்ணும்மா."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறானுங்களாம். குரலைக்கூட அப்படியே எடுத்துடறானாமே, பேப்பர்ல போட்டிருந்தான்."

"சரி, நான்தான்னு நீ எப்படி நம்புவே?"

"பத்தாவதுல கணக்குல நீ எவ்வளவு மார்க்?"

சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா, நீதான்" என்று அம்மா ஓடிபியைச் சொல்லும்போது அதன் ஆயுள் முடிந்திருந்தது.

இந்த ஜாக்கிரதை ஒருமுறை நிஜமாகவே கைகொடுத்தது. மும்பை போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு, டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒருவன் அவளுக்குப் போன் செய்தான். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. இப்படி யாராவது கூப்பிட்டால் 1930க்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "பணம்தானே தம்பி? தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா அது ஜாயின்ட் அக்கவுண்ட். என் பொண்ணு கையெழுத்து இல்லாம ஒரு பைசா நகராது. அவளை அரெஸ்ட் பண்ணுங்க" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அவனும் கடமை தவறாமல் எனக்குப் போன் செய்தான்.

அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வசனம் அவள் வாயில் அவ்வளவு சரளமாக எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தெரிந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சின்ன மாமா, பாயசம் வரும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "பெத்தவ பணத்தை அவளே எடுக்க முடியாமப் பண்ணிட்டியாமே?" என்றார். எதிர் வரிசையில் ஒரு அத்தை தலையை ஆட்டினாள். விசாரித்தால், கைமாற்று கேட்டு வந்த அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான் போயிருக்கிறது: "எனக்கென்ன, இப்பவே குடுத்துடுவேன். பாழாப்போன ஜாயின்ட் அக்கவுண்ட் ஆயிடுச்சே. அவ கையெழுத்துப் போடணுமே." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்குக் காவிரிக் கரையில் நான் ஒரு உதாரணமாக இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலே.

வீட்டுக்கு வந்து குதித்தேன். "ஃபார்மர் போட்டுக்கிட்டது நீ. என் கையெழுத்துக்கு அங்க மதிப்பே இல்லை. என்னை எதுக்கும்மா வில்லி ஆக்கறே?"

அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் இந்த ஊர்ல இருக்கணும்டி. நீ சென்னையிலதானே இருக்கே?"

தன் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று பேசவும் அவளுக்குத் தயக்கமில்லை. நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. "உன் பேர் இருக்குன்னு உன் பணம் ஆயிடாது. பேங்குல உன் கையில குடுப்பான், அவ்வளவுதான். அதுல தம்பிக்குச் சரிபாதி" என்று காபி ஆற்றிக்கொண்டே சொல்வாள். சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: கையில் வாங்குபவர் வாரிசுகள் சார்பில் வாங்குகிறார், சொந்தமாக்கிக்கொள்ள அல்ல.

போதாததற்கு 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம் என்று சட்டம் வந்துவிட்டது. தனிப் பெயரில் இருக்கும் டெபாசிட்டுக்கு நான், தம்பி, பேரப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று நால்வரையும் எழுதினாள். நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது தெரிந்ததிலிருந்து வீட்டில் தேர்தல் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறந்தால், திங்களன்று அவளே கூப்பிடுவாள். "ஒண்ணுமில்ல, அஞ்சு பர்சென்ட்டைப் பேரன் பக்கம் தள்ளலாமான்னு பாக்கறேன்." இதுவரை எந்தப் படிவமும் வங்கிக்குப் போனதாகத் தெரியவில்லை. ஆனால் தம்பி இப்போது தினமும் போன் செய்கிறான்.

இவ்வளவு கெட்ட பெயர் வாங்கிய பிறகு அதில் கொஞ்சம் லாபமாவது பார்க்கலாமே என்று எனக்கும் ஒரு சபலம் வந்தது. தாம்பரத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இல்லாதவர். மகன் புது பைக் வாங்க 50,000 வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். நான் நெற்றியைச் சுருக்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "குடுக்கறதுல எனக்கென்னண்ணா? எல்லாம் அம்மாவோட ஜாயின்ட் அக்கவுண்ட்ல இருக்கு. அம்மா கையெழுத்துப் போடணும்."

அவர் அங்கேயே உட்கார்ந்து கும்பகோணத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"என் கையெழுத்தா? அதுக்கென்னப்பா, எப்ப வேணா போடுவேன்" என்றது அம்மாவின் குரல், வெல்லமாக. "அவதான் கொஞ்சம் யோசிப்பா. நீயே அவகிட்ட எடுத்துச் சொல்லேன்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அவர் போனதும் அம்மாவைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "நீ மட்டும் ஊர் பூரா என் பேரைச் சொல்லித் தப்பிக்கலாம். நான் ஒரே ஒரு தடவை உன் பேரைச் சொல்லக் கூடாதா?"

"அந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னாளேடி" என்றாள் அம்மா, நிதானமாக. "நான் இருக்கற வரைக்கும் நான் மட்டும்தான். எனக்கு அப்புறம் நீ."