சாவி ஒரு நாள், பத்திரம் ஒரு நாள்

புதுச்சேரிக்கு விடுதலை என்றைக்குக் கிடைத்தது என்று கேட்டால், விவரம் தெரிந்த புதுச்சேரிக்காரர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். "எதுக்குக் கேட்கறீங்க?" என்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேசத்தோடு சேர்ந்து மிட்டாய் வாங்கிக்கொள்ள என்றால் ஆகஸ்ட் 15. சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச என்றால் மறுநாள், ஆகஸ்ட் 16. அரசு கொண்டாடும் விடுதலை நாள் என்றால் நவம்பர் 1. கீழூருக்குப் போனால் நினைவுச் சின்னத்தைக் காட்டி அக்டோபர் 18 என்பார்கள். இதே யூனியன் பிரதேசத்தின் மாஹேயில் கேட்டால் ஜூலை 16; ஏனாமில் கேட்டால் ஜூன் 13. இவ்வளவும் போதாதென்று பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரே கல்யாணத்துக்கு ஏழு முகூர்த்தம் குறித்த வீடு மாதிரி இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏழும் வேண்டும் என்பது என் கட்சி. எட்டாவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்லப்போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஏமாற்றிவிட்டதாகப் பேச்சு வரக்கூடாது.

இந்தக் கணக்குப் புரிய, பழைய வீடு வாங்கியவர் யாரையாவது நினைத்துக்கொண்டால் போதும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். இது குடும்பம் கூடி எடுத்த முடிவு. எந்தக் குடும்பத்திலும் எட்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உண்டுதானே. 21ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம், அது அட்வான்ஸ். நவம்பர் 1 அன்று மூவர்ணக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறியது. இறங்கியது நீலம், வெள்ளை, சிவப்பு, ஏறியது நம்முடையது. சாவி கைக்கு வந்தது, பால் காய்ச்சியாயிற்று. 1956 மே 28 அன்று பத்திரமும் எழுதினார்கள். பதிவுதான் ஆகவில்லை. பாரிஸில் நாடாளுமன்றம் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது அங்கே அல்ஜீரியப் போர். ஒரு வீட்டை விட்டுக்கொடுத்தால் அடுத்த வீட்டில் இருப்பவரும் சாவி கேட்பாரே என்ற கவலை விற்பவருக்கு இருக்காதா? 1962 ஜூலையில் அல்ஜீரியா தன் சாவியைத் தானே வாங்கிக்கொண்டது. அதே கோடையில் பாரிஸின் ஒப்புதலும் கிடைத்து, ஆகஸ்ட் 16 அன்று பத்திரம் பதிவானது. பட்டா, அதாவது யூனியன் பிரதேசம் என்ற பேர், 1963 ஜூலை 1 அன்று வந்தது. மாடி கட்டிக்கொள்ள அனுமதி கேட்ட மனு, மாநில அந்தஸ்து என்ற தலைப்பில், இன்னும் டெல்லியில் இருக்கிறது.

இப்போது அந்த வீட்டுக்காரரிடம் போய், வீடு உங்களுடையதானது எந்த நாள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனைவி பால் காய்ச்சிய நாளைச் சொல்வார். ஆடிட்டர் பதிவு நாளைச் சொல்வார். மாமனார் தான் பணம் கொடுத்த நாளைச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. புதுச்சேரி அரசே நெடுங்காலம் ஆடிட்டர் கட்சியில் இருந்தது; ஆகஸ்ட் 16தான் அதற்கு நாள். 2014இல் மனைவி கட்சியின் நியாயத்தையும் ஏற்று நவம்பர் 1ஐ விடுதலை நாளாக்கியது. நல்ல வேளையாக ஆகஸ்ட் 16ஐ விட்டுவிடவில்லை. அதனால்தான் ஊரெல்லாம் ஆகஸ்ட் 15 முடிந்து மறுநாள் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறும்போது, புதுச்சேரிக்காரர் இரண்டாம் முறையாக விடுதலை அடைந்து வீட்டில் படுத்திருக்கிறார்.

பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், ஒரு தேதியை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஒற்றைத் தேதி என்பது எங்கே இருக்கிறது? கோவாவில் புரட்சி நாள் ஜூன் 18, விடுதலை நாள் டிசம்பர் 19, மாநிலமான நாள் மே 30. யாரும் அங்கே மயங்கி விழுந்ததாகத் தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் தமிழ்நாடு தன் பிறந்தநாளை நவம்பர் 1 என்று கொண்டாடத் தொடங்கி, ஓரிரண்டு ஆண்டிலேயே ஜூலை 18க்கு மாற்றிக்கொண்டது. அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று வாக்களித்தது 1776 ஜூலை 2. அந்த நாளைத்தான் சந்ததிகள் வாணவேடிக்கையோடு கொண்டாடப் போகிறார்கள் என்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதம் எழுதினார். வாணவேடிக்கை சரியாக நடக்கிறது, ஜூலை 4 அன்று. தேதி ஒன்றாக இருக்கும் இடத்தில் மற்றவை மறந்துபோயிருக்கின்றன, அவ்வளவுதான். புதுச்சேரி மறக்க மறுக்கிறது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இதைக் கேட்பதுதான் தவறு. ஐந்து மதிப்பெண் கொடுங்கள், பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.

தேதிகளே இந்த ஊரில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஆகஸ்ட் 15ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் பிறந்த நாள் அது. அவர் தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, 1852 முதல் பேரரசு கவிழ்ந்த 1870 வரை, அதுதான் பிரான்ஸின் தேசிய விழா நாள். ஆக, பிரிட்டிஷ் இந்தியாவில் யாரும் ஆகஸ்ட் 15ஐக் கனவிலும் காணாத காலத்திலேயே, பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த இந்த ஊருக்கு அது தேசிய விழா. எந்தத் தேசம் என்பதில்தான் சின்னத் தகராறு. அதே மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் முத்திரையில் இருக்கிறது. பேரரசர் போய்விட்டார், தண்ணீர் தந்த ஆயி முத்திரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு விழாவும்கூட. ஸ்ரீ அரவிந்தர் பிறந்த நாளும் அதுவே, ஆசிரமத்தில் தரிசன நாள். 1947இல் அந்தத் தேதி எல்லைக்கு அப்பால் விடுதலை நாளானபோது புதுச்சேரி பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் யார் வந்தால் எத்தனை பீரங்கி முழங்கியது என்று நாட்குறிப்பில் எண்ணி எழுதிய ஆனந்தரங்கம் பிள்ளை இன்று இருந்திருந்தால், ஆகஸ்ட் 15க்கு மட்டும் தனி நோட்டுப் போட்டிருப்பார்.

ஜூலை 14க்குத்தான் எதிர்ப்பு பலமாக வரும். வீட்டை விற்றுவிட்டுப் போனவர் ஆண்டுக்கொருமுறை வந்து நம் திண்ணையில் பட்டாசு கொளுத்துவதா? அடிமைப்படுத்தியவன் கொடிக்கு இன்னும் மரியாதையா? கேட்பதற்குச் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் அன்று மலர்வளையம் வைக்க வருபவர்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிய "சொல்தா" குடும்பங்கள். விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கிரயப் பத்திரமே ஒரு ஷரத்துப் போட்டிருக்கிறது, அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இரண்டு தேசிய கீதமும் பாடி முடிந்தபின் வீட்டுக்குப் போய்ச் சாம்பார் சாப்பிடுகிறவர்களைப் படையெடுத்து வந்தவர்களாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. மேலும் ஜூலை 14 என்பது ஒரு சிறைச்சாலையை மக்கள் தாக்கிப் பிடித்த நாள். அதைக் கொண்டாடுவதில் காலனி ஆட்சிக்குத்தான் சங்கடம் இருந்திருக்க வேண்டும், நமக்கு என்ன? விற்றவருடைய சாமான்கள் இங்கே நிறையவே கிடக்கின்றன. கடற்கரையின் தென்கோடியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சிலையாக நிற்கிறார். அவர் பதவி பறிபோய்க் கப்பலேறியது 1754 அக்டோபர். அவர் ஆட்கள் மொத்தமாகக் கிளம்பியது 1954 நவம்பர். மூட்டை கட்ட இருநூறு வருஷம் எடுத்துக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு சிலையை மறந்து போவது இயல்பு.

செலவு என்று ஒரு ஆட்சேபம் உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கொடிமரம் ஒன்றே, பந்தல்காரர் ஒருவரே, சிவப்புத் தொப்பி போலீசாரின் பூட்சும் அதேதான். ஆகஸ்ட் 15க்குக் கட்டிய சீரியல் பல்பை 16 அன்று யாரும் கழற்றச் சொல்லவில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேதி ஏழாக இருந்தாலும் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே சாலையில் விழுகிறது. அணிவகுப்பா, காந்தி திடல். மலர்வளையமா, அதற்கு எதிர்ப்புறம். பல்பா, கடற்கரைச் சாலை முழுவதும். சுற்றுலா வருபவர் செஞ்சித் தூண்கள் நடுவே நிற்கும் காந்தியோடு ஒரு படம், பழைய கலங்கரை விளக்கத்தோடு ஒரு படம், மஞ்சள் சுவரோடு நாற்பது படம் எடுத்துக்கொண்டு, விடுதலை என்பது கடல் காற்று வாங்கியபடி நடந்த ஒரு நிகழ்ச்சி என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புகிறார். அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் முதலியார்பேட்டை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன்களில் ஒன்று; தனக்கென்று மேயர் வைத்துக்கொண்டிருந்த ஊர். இன்று விழா நாளில் அதன் பங்கு, கடலூர் சாலையில் வந்து சேரும் வெளியூர் வண்டிகளை மரப்பாலத்தில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாகக் கடற்கரைக்கு அனுப்பிவைப்பது. தேசபக்திக்கு இதுவும் ஒரு தொண்டுதான். ஆனால் இதைவிடப் பெரிய வேலையை அந்த வட்டாரம் செய்திருக்கிறது.

1898இல் தொடங்கிய ரோடியர் மில், பிற்பாடு எல்லாரும் ஏ.எப்.டி. என்றது, முதலியார்பேட்டையின் சோறு. அதோடு சவானா, கெப்ளே மில்கள். 1936 ஜூனில் பாரிஸில் லெயோன் புளூம் அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று சட்டம் செய்தது. ஜூலை 14 அன்று பாரிஸ் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் தெருவில் திரண்டு ஆடிப்பாடினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சுக் குடியரசு எழுதி வைத்திருந்ததை நம்பி, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் தலைமையில் புதுச்சேரி மில் தொழிலாளர்களும் சங்கம் வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்று கேட்டார்கள். பாரிஸ் ஆடிய பதினாறாம் நாள், ஜூலை 30, பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். குடியரசின் வாசகம் கப்பலில் வரும்போது நனைந்து எழுத்து அழிந்துவிட்டது போலும். மறு ஆண்டு, 1937இல், எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. அப்போது பிரிட்டிஷ் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம்வரை அனுமதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கணக்கில் சொன்னால் கடைக்கால் போட்ட நாள் இது. கீழூரில் வாக்களித்தவர்களுக்கும் டெல்லியில் கையெழுத்திட்டவர்களுக்கும் பதினெட்டு ஆண்டு முன்னாலேயே, இந்த ஆட்சியிடம் ஒன்றைக் கேட்டு வாங்க முடியும் என்று ஊருக்குக் காட்டியவர்கள் நூல் நூற்றவர்கள். கிரயப் பத்திரத்தில் கொத்தனார் பேர் இருப்பதில்லை என்பது உலக வழக்கம். அதனால் வீட்டைக் கட்டியவர் ஆடிட்டர் என்று ஆகிவிடாது.

அது கூலிப் போராட்டமாயிற்றே, தேசபக்திக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார் என்று பார்த்தால் சம்பந்தம் தெரிந்துவிடும். சுப்பையா 1934இல் ஆரம்பித்த பத்திரிகைக்கு வைத்த பேரே "சுதந்திரம்". தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் அந்தப் பன்னிரண்டு பேரையும் நினைவுகூர்ந்து மாலை போடுகின்றன. தியாகிகளுக்கு மரியாதை இல்லை என்று நான் சொல்லவில்லை. சுற்றுலாக்காரர் கையில் இருக்கும் பட்டியலில் அந்த நாள் இல்லை என்கிறேன். ஏ.எப்.டி. மில்லும் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள், முழுவதும் குறைந்துவிட்டது.

எட்டாவது நாளாக நான் கேட்பது இதைத்தான். விடுமுறை வேண்டாம், ஜூலை 30 வேலை நாளாகவே இருக்கட்டும், எட்டு மணி நேரம் முடிந்த நொடியில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சாயங்காலம் கடற்கரை விளக்குகளில் ஒரு வரிசையைக் கழற்றி மில் சுவரில் மாட்டலாம். பேண்டு வாத்தியம் கடலுக்கு முதுகைக் காட்டிக் கடலூர் சாலையில் தெற்கே வரலாம். மஞ்சள் சுவர் கிடைக்காதே என்று சுற்றுலாத் துறை தயங்கினால், முன்னால் நின்று படம் எடுக்க நீளமான மில் மதில் இருக்கிறது. வெயிலில் வெளுத்திருந்தாலும் படத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கும். பிரமுகர்கள் ஐந்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புவது நல்லது. ஏ.எப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தால் கொடி கட்டிய காரும் கொய்யாப்பழ வண்டிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். 1879 முதல் ஓடுகிற பாதை அது. எந்த நாட்டு தேசிய நாளுக்கும் அது வழிவிட்டதில்லை.