ஒழுகினால்தான் உள்ளே இருக்கிறது

வீரகேரளம்புதூரில் பழைய அம்பாசிடர் நிற்கும் வாசலில் தினமும் இரண்டு கோலம். ஒன்று வெள்ளை, வீட்டுக்காரம்மா போட்டது. மற்றது கறுப்பு, வண்டி போட்டது.

"அண்ணாச்சி, ஆயில் ஒழுகுதே?"

"ஒழுகுனாத்தான்டே உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்!"

2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இப்படி ஒரு வக்கீல். முழுப் பழியும் வண்டிமேல் இல்லை, பாதிதான். பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. சுருள் பள்ளம் ஒன்றுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும். ஓடும்போது அனுப்பும். வண்டி நின்றால் அதற்கும் விடுமுறை.

ஆனால் பாதிக் கசிவு மேலே, டேப்பட் கவரின் கார்க் பேக்கிங்கில். போகிற வருகிறவரெல்லாம் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்குவார்கள். கார்க் நசுங்கும், ஒழுகல் கூடும், இன்னொரு சுற்று இறுக்குவார்கள். பிறகு பேஸ்ட் அப்புவார்கள். மிஞ்சிய பேஸ்ட் உதிர்ந்து அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் போய் ஆயில் சல்லடையில் குடியேறும்.

எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கிலும் ஆயில் பிதுங்கும். கழற்றிக் கழுவினால் போதும். அதற்குச் செலவே இல்லாததால் யாரும் நம்புவதில்லை.

குற்றால சீசனில் டிக்கியில் துண்டு, சோப்பு, ஒரு லிட்டர் ஆயில் கேன். ஐந்தருவியில் அண்ணாச்சிக்கு நிம்மதி. சாரலில் தரையே நனைந்து கிடக்கும். எது யார் வண்டியில் ஒழுகியது என்று யார் கண்டது?