தகடு வளர்ந்திருச்சு!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில் டிங்கர் பட்டறையைத் தேடிப் போகிறவர்கள் பெயர்ப் பலகையைத் தேடக் கூடாது. வேப்பமரத்தடியில் நாலு கல்லின் மேல் ஓர் அம்பாசடர் நிற்கும். சக்கரங்கள் எங்கே என்றும் கேட்கக் கூடாது. அவை வேறோர் அம்பாசடரில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தக் கரிசல் பக்கத்து டிங்கர்கள் அத்தனை பேரையும் உருக்கி ஒரே அச்சில் ஊற்றினால் வருகிறவர்தான் நம்முடைய அண்ணாச்சி.

வண்டி வந்ததும் அண்ணாச்சி அதைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு பழைய பனியன் துணியை வைத்துத் தடவுவார். துணி இருந்தால்தான் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடு பள்ளம் தெரியும். பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. டொப். விரலை எடுத்தால் மறுபடி டொப்.

“தகடு வளர்ந்திருச்சு, சார்.”

பத்து வருஷமாகக் கொட்டகையில் கிடந்த வண்டியில் பிள்ளைகள் பெயரெழுதி விளையாடியதுண்டு. அதற்காகப் பானட் எப்படி வளரும் என்று சொந்தக்காரர் விழிப்பார். ஆனால் அண்ணாச்சி சொல்வது சத்தியம். இருபது கேஜ் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நெளிவெடுக்கிறேன் பேர்வழி என்று கீழே டாலி என்கிற இரும்புக் கட்டியைக் கொடுத்து மேலே சுத்தியலால் போட்டால், நடுவில் மாட்டிய தகடு மெலிந்து பக்கவாட்டில் பரவும். பரவ இடம் வேண்டுமே? சுற்றியிருக்கிற தகடு விடாது. அதனால் நடுப்பகுதி மேலே துருத்தும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். அடிக்க அடிக்க இன்னும் வளரும்.

“எவன் கை வச்சது?” என்று அடுத்து ஒரு கேள்வி வரும். இதைக் கேட்கும்போது அண்ணாச்சி முகத்தில் ஒரு தெளிச்சி. முன்னால் வேலை பார்த்தவன் எவனானாலும் அவன் கொத்தனார். “நீங்கதானே அண்ணாச்சி பார்த்தீங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்ட அப்பாவிகளின் வண்டிகள்தான் கல்லின் மேல் நிற்கின்றன.

வளர்ந்த தகட்டைச் சுருக்குவதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. கேஸைப் பற்றவைத்து, மூவாயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற அந்தச் சின்ன நாக்கை மேட்டின் உச்சியில் காட்டுவார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் சிவக்க வேண்டும். சூடான இடம் விரியப் பார்க்கும். சுற்றிலும் குளிர்ந்த தகடு நெருக்குவதால் அப்பளம் போலக் கொப்பளித்து எழும். சிவப்பு ஆறுவதற்குள் கீழே டாலி, மேலே மெதுவாக நாலு தட்டு. உடனே ஈரச் சாக்கு. புஸ்ஸென்று ஆவி. இளகிய இரும்பு பரவ வழியில்லாமல் தனக்குள்ளேயே தடித்துப் போயிருக்கும். ஆறும்போது அது சுருங்கி, சுற்றியுள்ளதையும் இழுத்துக்கொள்ளும். நாணயத்துக்குப் பதில் தோசை அகலத்துக்குச் சுட்டால் பானட் மொத்தமும் கோணிக்கொள்ளும். அவசரக்காரர்கள் அப்படித்தான் சுடுவார்கள்.

அவசரம் என்கிற பழி அண்ணாச்சி மேல் வந்ததே இல்லை. “வெயில் ஏறினா தகடு பொய் சொல்லும், காலையில ஏழு மணிக்கே தொட்டாகணும்” என்பது அவர் வகுத்த விதி. விதி நல்ல விதிதான்; கறுப்புக் கூரையில் சித்திரை வெயில் விழுந்தால் தகடு தானாகவே விரியும். பட்டறைக்கு அவர் வருவது பதினொரு மணிக்கு. ஆகவே நாளைக்கு. மறுநாள் ஏழுக்கே வந்துவிட்டாலும் தண்ணீர் இருக்காது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக ஊருக்கு வந்து சேர்கிற தாமிரபரணித் தண்ணீரில் ஒரு சொம்பைச் சாக்கில் ஊற்ற வீட்டம்மா விடுவாரா?

கூரைத் தகடு விஷயத்தில் அண்ணாச்சி சரித்திர ஆசிரியராகிவிடுவார். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார். எந்த அம்பாசடரின் கூரை பள்ளமானாலும் அது அந்தத் தேர்தலில் கூட்டம் ஏறி நின்ற பள்ளம் என்பார். “இது 84 மாடல் அண்ணாச்சி” என்றால், “பாடி பழசு, ஆர்.சி.தான் புதுசு” என்று பதில் வரும். அந்தப் பள்ளத்தைச் சுருக்க அவருக்கு மனசே வராது.

தட்டி எடுக்காமல் பள்ளத்தைப் பட்டி என்கிற பசையால் மெழுகுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் மண்டப வாசலில் நிற்கிற கார்களின் கதவில் அதை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொய் எழுதுவார். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி. “மாப்பிள்ளை வீட்டு வண்டி பாதி பட்டி” என்று பந்தியில் அவர் விட்ட ஒரு வார்த்தை பெண் வீட்டாரை நெடுநேரம் யோசிக்க வைத்ததுண்டு.

உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடரை நிறுத்தியதை அவர் சொந்தப் பகையாகவே வைத்திருக்கிறார். இப்போதைய கார்களை மதிப்பதில்லை. பம்பர் பிளாஸ்டிக். பாடியில் பல இடங்களில் சூடு காட்டினாலே பலம் இழக்கிற உயர்வலு எஃகு. நெளிந்தால் கழற்றி வேறு மாட்டுகிறார்கள். “அதுக்கு ஸ்பானர் போதுமே, நான் எதுக்கு?” என்பார்.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களிடம் இப்போது புது ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்று தனி எண் தர 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய இருபதாயிரம் ரூபாய். அந்த ஆசையோடு மதுரையிலிருந்து வந்த ஒருவர், தன் வண்டிக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது என்று வருத்தப்பட்டார்.

அண்ணாச்சி அவர் தோளில் கை வைத்தார். “விட்டுட்டுப் போங்க சார். நான் முடிச்சுத் தரும்போது ஐம்பது ஆயிருக்கும்.”